அச்சு ஏன் கெடுகிறது? டூப்ளிகேட்டர் மெஷினும் நாமும்



செராமிக் படிக்கிற பையனுக்கு அச்சு மெஷினோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாலை நேரத்தில் ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் நான் வேலை பார்க்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், அதோடு ஒரு டூப்ளிகேட்டர். டியூஷன் சென்டர் வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், கட்சி நோட்டீஸ், கடைத் திறப்பு விழா பிட் நோட்டீஸ் என்று ஊரில் நூறு, ஐந்நூறு என அடிக்க வேண்டியது எல்லாம் அந்த மெஷினில்தான் ஓடுகிறது. அதில் நான் செய்த ஒரு தப்புதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நடந்தது இதுதான். விடுமுறையில் ஜூனியர்களுக்கு கிளேஸ் செய்முறைப் பயிற்சி நடத்தினோம். அதற்கான குறிப்பை நான்தான் பால்பாயின்ட் பேனாவில் எழுதி, நானே கடையில் 150 பிரதி அடித்தேன். பேனாவில் மை குறைவு. மூலப் பிரதி மங்கலாக இருந்தது. "கறுப்பா வரட்டும்" என்று மெஷினில் கூட்டக்கூடியதை எல்லாம் கூட்டி வைத்தேன். முதல் தாள் வந்தது. ஒரு கை தூரத்தில் தூக்கிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்தக் குறிப்பில் கிளேஸ் முதிரும் வெப்பநிலை 1230 டிகிரி. மை ஊறி, 3 என்ற எண்ணின் இரண்டு திறந்த வாயும் மூடிப் போனதில் 1280 ஆகிவிட்டது! என் நண்பன் ஒருவனின் வீட்டில் சின்னதாகப் பொம்மை, அகல் விளக்கு செய்கிறார்கள். அவன் அந்தக் குறிப்பை நம்பி அம்மா செய்து வைத்திருந்த முப்பத்தாறு விளக்குகளுக்கு கிளேஸ் பூசி, டெஸ்ட் கில்னில் வைத்து 1280 வரைக்கும் ஏற்றிவிட்டான். மறுநாள் திறந்தால் கிளேஸ் தண்ணீராய் ஓடி, விளக்கெல்லாம் ஷெல்ஃபோடு ஒட்டிக் கிடக்கிறது. உளி வைத்துத் தட்டியதில் ஷெல்ஃபும் போச்சு. கார்த்திகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது!

அவன் என்னைத் திட்டவில்லை. தாளை மட்டும் நீட்டி, "இது என்ன நம்பர், நீயே படி" என்றான். என்னாலேயே 1280 என்றுதான் படிக்க முடிந்தது.

ஆகவே நண்பர்களே, அச்சு கெட்டால் அழகு மட்டும் கெடுவதில்லை. இனி விஷயத்துக்கு வருவோம்.

மெஷினுக்குள்ளே நடப்பது என்ன?

எங்கள் கடையின் மூலையில் கையால் சுற்றும் பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று இன்னும் இருக்கிறது. கடைக்கார அண்ணன் தொழில் தொடங்கியதே அதில்தான். மெழுகு போன்ற பூச்சு உள்ள ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் மாட்டி, ரிப்பன் படாமல் டைப் அடித்தால் எழுத்து இருக்கும் இடத்தில் பூச்சு விலகிவிடும். அந்தத் தாளை டிரம்மில் சுற்றிக் கைப்பிடியைச் சுற்றினால், விலகிய இடம் வழியாக மை கசிந்து கீழே வரும் காகிதத்தில் பதியும். சைக்ளோஸ்டைல் என்பது முதலில் மெஷினின் பெயர் அல்ல, ஒரு பேனாவின் பெயர். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் குடியேறிய டேவிட் கெஸ்டெட்னர் 1881-ல் காப்புரிமை பெற்ற, நுனியில் பல் சக்கரம் வைத்த பேனா அது. அதற்கு முன்பே 1876-ல் தாமஸ் எடிசன், மோட்டாரால் ஊசி குத்தும் மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1887-ல் சிகாகோவின் ஏ.பி. டிக் நிறுவனம் எடிசனின் உரிமையோடு 'மிமியோகிராஃப்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் பள்ளிக்கூட வினாத்தாள், தொழிற்சங்க நோட்டீஸ், 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் ரகசியமாகக் கைமாறிய துண்டறிக்கை என எத்தனையோ இப்படி வந்தவைதான்.

1980-ல் ஜப்பானின் ரைசோ நிறுவனம் ரைசோகிராஃப் மெஷினை வெளியிட்டது. பின்னால் வந்த டிஜிட்டல் டூப்ளிகேட்டர்களில் டைப்ரைட்டருக்கு வேலை இல்லை. ஸ்கேனர் மூலப் பிரதியைப் படிக்கும். தெர்மல் ஹெட் என்ற பட்டையில் வரிசையாக உள்ள நுண்ணிய சூடேற்றிகள், மாஸ்டர் தாளின் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் துளை போடும். அந்த மாஸ்டர் தானாகவே டிரம்மில் சுற்றிக்கொள்ளும். மை டிரம்முக்கு உள்ளே இருந்து துளை வழியாக வெளியே வரும். பிரஷர் ரோலர் காகிதத்தை அழுத்தும். நிமிடத்துக்கு நூறு பிரதி சாதாரணம். மெஷின் மாறியிருந்தாலும் தத்துவம் அதேதான். துளை இருக்கும் இடத்தில் மை போகும், இல்லாத இடத்தில் போகாது. நாம் ஸ்லிப்பை சல்லடையில் ஊற்றி வடிகட்டுகிறோமே, அதே கதை.

இங்கே ஜெராக்ஸுக்கும் இதற்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஜெராக்ஸில் தூள் மையைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள். டூப்ளிகேட்டரில் காகிதத்துக்குச் சூடே கிடையாது. எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பு மை, காகிதத்துக்குள் உறிஞ்சப்பட்டுத்தான் காய வேண்டும். பிளாஸ்டர் மோல்டு ஸ்லிப்பின் தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி! வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அடித்தால் மை காயாமல் கையில் ஒட்டுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? உறிஞ்சாத மோல்டில் ஸ்லிப் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும்.

இரண்டு கேள்விகள்

நான் அடித்த தாளை அண்ணன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தம்பி, மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு. நீதான் ரெண்டு பேச்சுப் பேசியிருக்க" என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான். மெஷினில் 'கறுப்பு' கூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்கேன் அளவு. அதைக் கூட்டினால் மாஸ்டரில் துளைகள் அதிகம் விழும். மற்றொன்று, பிரின்ட் டென்சிட்டி. அதைக் கூட்டினால் ஒவ்வொரு துளை வழியாகவும் மை அதிகம் வரும். வேகத்தைக் குறைத்தாலும் பொதுவாக மை கூடுதலாகத்தான் இறங்கும். முதல் கேள்வி: துளை எத்தனை? இரண்டாவது கேள்வி: மை எவ்வளவு? இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

ஒரு லென்ஸ் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

எழுத்தின் கோடு விட்டுவிட்டு, அறுந்து அறுந்து தெரிந்தால் துளை போதவில்லை. ஸ்கேன் அளவைக் கூட்டிப் புது மாஸ்டர் போட வேண்டும். டென்சிட்டியை எவ்வளவு கூட்டினாலும் இல்லாத துளை வழியாக மை வராது.

கோடு முழுசாக இருந்து, நிறம் மட்டும் வெளிறியிருந்தால் மை போதவில்லை. டென்சிட்டியைக் கூட்டலாம், வேகத்தைக் குறைக்கலாம். புது மாஸ்டர் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம்.

கோட்டின் ஓரம் பிசிறடித்து, மை காகிதத்தில் பரவியிருந்தால் மை அதிகம். ஓரம் சுத்தமாக இருந்தும் எழுத்தின் வயிறு அடைத்திருந்தால் துளை அதிகம்.

என் தாளில் இரண்டும் இருந்தது. மூலப் பிரதி மங்கல் என்றால் ஸ்கேன் அளவை மட்டும் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் டென்சிட்டியையும் கூட்டி, வேகத்தையும் குறைத்து வைத்தேன். சோற்றுக்கு உப்பை மூன்று பேர் போட்ட கதை!

தமிழ் எழுத்துக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நம் எழுத்தில் சுழி அதிகம். மை ஊறினால் 'ண' எது 'ன' எது என்று தெரியாது. மை குறைந்தால் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி காணாமல் போகும். எண்களில் 3, 6, 8, 9, 0 ஐந்தும் ஒன்றுக்கொன்று வேஷம் போடும். அதனால் எழுத்தைச் சின்னதாக்கி ஒரே பக்கத்தில் அடைக்கும் ஆசையை விடுங்கள்.

பத்துத் தாளைப் பரப்புங்கள்

அச்சில் கோளாறு தெரிந்ததும் மெஷினைத் திறக்காதீர்கள். அண்ணன் எனக்குப் போட்ட முதல் சட்டம் இது. அடுத்தடுத்து வந்த பத்துத் தாளை மேஜையில் வரிசையாகப் பரப்ப வேண்டும். கோளாறு எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா, இடம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இது நமக்குப் புதுசா என்ன? காஸ்டிங்கில் எல்லாப் பொம்மைக்கும் மூக்கின் மேலேயே ஒரே பள்ளம் என்றால் மோல்டைப் பார்க்கிறோம். பொம்மைக்குப் பொம்மை இடம் மாறினால் ஸ்லிப்பைச் சந்தேகப்படுகிறோம். இங்கேயும் அதே புத்திதான்.

ஒரே இடத்தில் என்றால், புது மாஸ்டர் ஒன்று போட்டுப் பாருங்கள். கோளாறு மறைந்துவிட்டால் குற்றவாளி பழைய மாஸ்டர். அதில் சுருக்கம் விழுந்திருக்கும், அல்லது டிரம்முக்கும் மாஸ்டருக்கும் நடுவில் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கும். துணுக்கு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மாஸ்டரில் தேவையில்லாத ஓட்டை இருந்தால் கறுப்புப் புள்ளி வரும். பழைய சைக்ளோஸ்டைல் ஸ்டென்சிலில் இந்த ஓட்டையைக் கரெக்ஷன் திரவம் வைத்து அடைப்பார்கள். டைப்ரைட்டரை ஓங்கி அடித்தால் 'ஓ' போன்ற எழுத்தின் சுழி நடுப்பகுதியே பிய்ந்து விழுந்து, அங்கே மை திட்டாக நிற்குமாம்.

புது மாஸ்டரிலும் அதே இடத்தில், காகிதம் ஓடும் திசையில் நேர்க்கோடு வருகிறதா? கறுப்புக் கோடு என்றால் பெரும்பாலும் ஸ்கேனர் கண்ணாடி. தாளைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்று இருக்கும். காயாத ஒயிட்னரோடு தாளைப் போடுவதால் அது அதில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக் கோடு என்றால் பெரும்பாலும் தெர்மல் ஹெட்டில் தூசி. சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரிலிருந்து நேராக ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். கோடு மறைந்தால் ஸ்கேனர், மறையாவிட்டால் ஹெட். ஹெட்டைச் சுத்தம் செய்ய மெஷினை அணைத்து, ஆறவிட்டு, பஞ்சு பிரியாத மென்மையான துணியில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைக்க வேண்டும். நகம், பிளேடு, ஸ்குரூ டிரைவர் மூன்றும் அருகில் வரக் கூடாது. துடைத்தும் கோடு நின்றால் அந்த இடத்துச் சூடேற்றியே போயிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. லேப்பிலிருந்து களிமண்ணும் குவார்ட்ஸ் தூளும் படிந்த தாளை அப்படியே கொண்டுபோய் ஸ்கேனரில் போடுகிறோம். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது என்று பரீட்சையில் எழுதுகிறோம், கடையில் மறந்துவிடுகிறோம்.

ஒரே தாளில் ஒரே அளவு இடைவெளி விட்டு அழுக்கு திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு ரோலரில் கறை இருக்கிறது. எந்த ரோலர் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். இரண்டு கறைக்கும் நடுவே 94 மி.மீ. இருந்தால், அதை 3.14-ஆல் வகுங்கள். சுமார் 30 மி.மீ. வருகிறது அல்லவா? அந்த விட்டம் உள்ள ரோலரைத் தேடுங்கள். முதல் வருஷக் கணக்கு கடையில் சோறு போடுகிறது!

இடம் மாறுகிறது என்றால், மையையும் காகிதத்தையும் பாருங்கள்.

தாளின் பின்பக்கத்தில் முந்தைய தாளின் எழுத்து நிழலாகப் பதிந்திருந்தால், ஈர மை மேலே விழுந்த தாளில் ஒட்டியிருக்கிறது. கறுப்பான பெரிய படம், கொட்டை எழுத்துத் தலைப்பு உள்ள நோட்டீஸில் இது சகஜம். டென்சிட்டியைக் குறையுங்கள், உறிஞ்சும் காகிதம் போடுங்கள். இரண்டு பக்கமும் அடிப்பதென்றால் முதல் பக்கம் காயும் வரை பொறுங்கள். அந்தக் காலத்தில் இரண்டு தாளுக்கு நடுவே ஒரு வேண்டாத தாள் போட்டுக்கொண்டே சுற்றுவார்களாம். ஆனால் பின்பக்கக் கறை எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இருந்தால் விஷயம் வேறு. பெரிய அளவு படத்தைச் சின்னக் காகிதத்தில் அடித்து, மிச்ச மையைப் பிரஷர் ரோலரில் யாரோ பூசியிருக்கிறார்கள். ரோலரைத் துடைத்தால் சரியாகிவிடும்.

முதல் சில தாள்கள் வெளிறி வந்து, போகப் போகத் தெளிந்தால் கவலை வேண்டாம். மெஷின் சில நாள் சும்மா இருந்திருக்கிறது. மை இறுகியிருக்கும். கிடந்த ஸ்லிப் கெட்டியாகி, கலக்கியதும் இளகுகிறதே, திக்ஸோட்ரோபி என்று படிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே குணம். மார்கழிக் காலையில் இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வேண்டாத தாளில் பத்து இருபது ஓட்டிவிட்டு நல்ல தாளை வையுங்கள். போகப் போக வெளிறினால் அது வேறு, மை தீர்ந்துகொண்டிருக்கிறது.

எழுத்து தாளுக்குத் தாள் மேலும் கீழும் நகர்ந்தால், அல்லது சாய்ந்தால், காகிதத்தின் பக்கத் தடுப்புகள் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் காகிதம் நமுத்திருக்கும். ஐப்பசி மழையில் கட்டைப் பிரித்துப் போட்டு வைத்தால் அப்பளம் மாதிரி வளையும், இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும். கட்டைப் பிரித்ததும் ஓரத்தை விசிறி, காற்று விட்டு வையுங்கள். மிச்சக் காகிதத்தை உறையிலேயே மூடி வையுங்கள்.

தாள் டிரம்மிலேயே சுற்றிக்கொண்டு வெளியே வராமல் அடம் பிடித்தால், மேல் ஓரத்தைப் பாருங்கள். எழுத்து விளிம்பு வரை இருக்கும். முன்னே போகும் ஓரத்தில் குறைந்தது 5 மி.மீ. வெள்ளை விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

மெஷினுக்கு முன்னால் மனிதன்

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கண்ணாடி சுத்தம், ஹெட் சுத்தம், மை புதுசு. நான் முதல் தாளைப் பார்த்தேன், படிக்கவில்லை. பார்ப்பது வேறு, படிப்பது வேறு. தூரத்தில் பிடித்துப் பார்த்தால் கறுப்பா வெளுப்பா என்று மட்டும்தான் தெரியும். மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்திருந்தால் அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஜெராக்ஸில் ஒன்று தப்பினால் ஒன்றுதான் தப்பும். இந்த மெஷினில் ஒரு துளை தப்பினால் 150 பேர் கையில் தப்பு போய்ச் சேரும். வேகமான மெஷினின் குணமே அதுதான்.

இப்போது கடையில் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. முதல் தாள் வந்ததும் மெஷினை நிறுத்துவேன். எண்களைப் படிப்பேன். வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தால் அவர் கையிலும் கொடுத்து, "அண்ணே, நம்பர் மட்டும் ஒரு தடவ பாத்துடுங்க" என்பேன். சிலர் அவசரத்தில் சலித்துக்கொள்வார்கள். ஒரு கல்யாண நோட்டீஸில் தேதி 6-ஆ 8-ஆ என்று ஒருவர் திருத்திய அன்று முதல் அண்ணனும் எல்லாரிடமும் இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

குறிப்பு எழுதும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முக்கியமான எண்ணை எழுத்திலும் எழுதுங்கள். 1230 என்றால் பக்கத்தில் 'ஆயிரத்து இருநூற்று முப்பது' என்றும் போடுங்கள். பேங்க் செக்கில் நம் பெரியவர்கள் சும்மாவா இரண்டு விதமாக எழுதச் சொன்னார்கள்? கிளேஸ் பேட்ச் என்றால் கடைசியில் மொத்தம் 100 என்று போடுங்கள். படிப்பவர் கூட்டிப் பார்த்தால் தப்பு தானாகவே மாட்டிக்கொள்ளும்.

நண்பன் வீட்டு ஷெல்ஃபுக்கு என் இரண்டு மாதச் சம்பளம் போனது. விளக்குகளுக்கு அவன் அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார்கள். பதிலுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து விளக்கு துடைத்துக் கொடுத்தேன். திருத்திய குறிப்பை 150 பிரதி மறுபடி அடித்து, பழைய தாளை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிக் கிழித்தேன். 143 தாள்தான் திரும்பி வந்தது. மிச்சம் ஏழு தாள் இன்னும் யார் நோட்டிலோ இருக்கிறது. இந்த மலரைப் படிக்கிற உங்களில் யாரிடமாவது அது இருந்தால், தயவுசெய்து அந்த 8-ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதிக்கொள்ளுங்கள்.